சுவரொட்டி தின்ற கிடா

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஊட்டச்சத்துப் பயிற்சி வகுப்பில் காலையில் பேசியவர், தாவர உணவே போதும், பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றார். மதியம் பேசியவர், மனிதாபிமானத்தோடு வளர்க்கப்பட்ட விலங்குகளின் இறைச்சி, பால், முட்டைதான் முழு உணவு என்றார். பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?
– ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: நடுவில் சாப்பாடு என்ன போட்டார்கள் என்று எழுதவில்லையே டீச்சர்! தயிர்சாதமாக இருந்தால், காலையில் பேசியவர் அதை என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

என் கண் மாட்டிக்கொண்டது ‘மனிதாபிமானத்தோடு வளர்க்கப்பட்ட’ என்ற இடத்தில்தான். மனிதன் மேல் வைத்தால் மனிதாபிமானம். கோழி மேல் வைத்தால் கோழியபிமானம் என்றல்லவா வரவேண்டும்? சரி, போகட்டும்.

எங்கள் வியாசர்பாடித் தெருவில் ராஜா என்று ஒரு கிடா இருந்தது. கயிறு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. காலையில் டீக்கடையில் ஒரு பொறை, மதியம் காய்கறிக்கடை வாசலில் முட்டைக்கோஸ் இலை, சாயங்காலம் போஸ்டர். ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பார்க்காது. மைதாப் பசை ஈரம் காய்வதற்குள் மூலையிலிருந்து உரித்துத் தின்னும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை மட்டும் தொடாது என்று தெருவில் ஒரு பெருமை உண்டு. அது பொய், நானே பார்த்திருக்கிறேன். மார்கழியில் அதற்குப் பழைய யூனிஃபார்ம் சட்டை. ராத்திரி ஆட்டோவுக்கு அடியில் தூக்கம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் வெட்டினார்கள். வளர்த்த அக்கா அன்றைக்குக் கொருக்குப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கறி தொடவில்லை. இதைவிட அபிமானமாக எந்தப் பண்ணையில் வளர்க்கிறார்கள்? சான்றிதழ் ஒன்றுதான் குறை.

ஒட்டுகிறவருக்குச் சுவரொட்டி ஒன்று, கறிக்கடைக்காரருக்கு இன்னொன்று: ஆட்டின் மண்ணீரல். முன்னதைத் தின்று வளர்ந்த ராஜா, பின்னதாக யாரோ ஒரு பிள்ளை பெற்ற பெண்ணின் தட்டுக்குப் போயிருப்பான். ரத்தம் ஊறும் என்று மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பார்கள். கிழவிகள் சொன்னது சரிதான். மண்ணீரலில் இரும்புச்சத்து ஏராளம், அதுவும் உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் வகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் எலுமிச்சை பிழிந்தால்தான் ஒழுங்காகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சரியாகச் சேராது. பயிற்சியில் இதைச் சொன்னார்களா? நம் ஊரில் சாப்பிட்டு எழுந்ததும் கால் தானாக டீக்கடைக்குத்தான் போகிறது.

மதியம் பேசியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முட்டைப் பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு ஏ4 தாள் அளவுகூட இல்லை. அந்தத் தாளில் உங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். கோழி ஆயுளைக் கழிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வெறுங்கூண்டை 2012-லேயே தடை செய்துவிட்டது. இங்கே, ஓடு பழுப்பாக இருந்தால் கோழி வயல்வெளியில் ஓடியாடியது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கிறோம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சந்தோஷத்தைப் பொறுத்தது அல்ல.

காலையில் பேசியவரைச் சீண்ட எனக்குப் பயம். நம் பிழைதிருத்துநர் வீகன், அதாவது பாலும் முட்டையும்கூடத் தொடாதவர். முன்பு ஒருமுறை சமையல் பக்கத்தில் கருவாட்டுத் தொக்கு வந்தபோது, ‘கருவாடு’ வந்த ஏழு இடத்திலும் ‘கருணைக்கிழங்கு’ என்று திருத்திவிட்டார். கேட்டால், “பேரிலேயே கருணை இருக்கிறதே சார்” என்கிறார். ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டார்: ‘தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் அலசவும் என்று போட்டிருக்கிறீர்கள். கருணைக்கிழங்குக்குத் தலை எந்தப் பக்கம்?’ இந்தப் பதிலும் அவர் மேசைக்குத்தான் போகிறது. மீன் என்று இருக்க வேண்டிய இடத்தில் மீல்மேக்கர் என்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் விவரமானவர், வைட்டமின் பி12 மாத்திரை தவறாமல் போடுகிறார். செடிகொடியில் பி12 கிடையாது. பாக்டீரியா செய்வது அது. மாத்திரைக்கும் அதைத்தான் வளர்க்கிறார்கள், யாரும் கதறுவதில்லை. தாவர உணவு மட்டும் போதும் என்று சொல்கிறவர் இந்த மாத்திரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு பழைய எலிக் கதை. 1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலி வளர்ச்சியில் முதலிடம். தீட்டிய அரிசிச் சோற்றை நம்பியிருந்த மதராஸ் எலி கடைசி. அந்த ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. வெள்ளைச்சோறு, தண்ணீர் ரசம், உருளைக்கிழங்கு: இதுவும் தாவர உணவுதான் டீச்சர். உங்கள் வகுப்பில் பாதிப் பேர் யாரும் சொல்லாமலே இந்தக் கொள்கையில்தான் இருப்பார்கள். மாதக் கடைசியில் முழு வகுப்பும்.

வகுப்பில் ஆடிக்கூழைப் பற்றிப் பேசுங்கள். புளித்த கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். முள்ளோடு மெல்லுகிற நெத்திலியில் இன்னும் கால்சியம், கூடவே பி12. உங்கள் இரண்டு பேச்சாளர்களும் ஒரே குண்டானுக்கு முன்னால் சொம்போடு வரிசையில் நிற்கலாம். கருவாடு வேண்டாதவருக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய் இருக்கிறது. அவர் மாத்திரையை மறக்காமல் இருந்தால் சரி.

நெத்திலியை யாரும் வளர்ப்பதில்லை, கடல் வளர்க்கிறது. அதற்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் சும்மா நிற்கின்றன. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், நண்டு எல்லாம் தார் பூசினமாதிரி ஆயின. அந்த நண்டுக்காக மனிதாபிமான வளர்ப்புக்காரர்கள் யாரும் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, இப்போது வாரத்துக்கு ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நம் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய இடைவேளையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது. ஒரு முட்டைக்கு ஒரு வாழைப்பழமும் பாதி ரப்பரும். மஞ்சள்கரு வேண்டாம் என்றால் ரப்பர் தரவேண்டியதில்லை. பதிவேட்டில் வாழைப்பழக் கணக்கில் இருந்த பையன் ஒருவன், மாற்றி வாங்கிய முட்டையை முழுதாக வாயில் திணித்துக்கொண்டு திரும்பினான், என்னைப் பார்த்துவிட்டான். மெல்லவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல், கையை மட்டும் ஆட்டினான்: வீட்டில் சொல்லிடாதீங்க.