பழைய இரும்பும் களவுச் செம்பும்: சட்டம் என்ன சொல்கிறது?

உலோகக் களவு, பழைய இரும்புக் கடை பற்றிய இலங்கைச் சட்டக் கேள்விகளை அனுப்பும்படி வாசகர்களிடம் கேட்டிருந்தேன். வந்தவற்றுக்கான பதில்கள் கீழே.

கொட்டாஞ்சேனை வாசகி: எங்கள் ஒழுங்கையில் தண்ணி மீட்டர்களைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிடிபட்டாலும் சின்ன அபராதம்தானே?

இல்லை அக்கா. மீட்டர் நீர் வழங்கல் சபையுடையது, அதனால் பொதுச் சொத்து. பொதுச் சொத்துக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1982 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பொதுச் சொத்தைத் திருடினால் குறைந்தது 1 வருடம், கூடியது 20 வருடம் சிறை. அபராதம் 1,000 ரூபா அல்லது பெறுமதியின் மூன்று மடங்கு, எது கூடவோ அது. பெறுமதி சட்டம் குறித்த தொகையைத் தாண்டியது என்று ஏஎஸ்பி (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) தரத்துக்குக் குறையாத அதிகாரி சான்று கொடுத்தால் பிணை எடுப்பதும் கஷ்டம். உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், சபைக்கும் அறிவியுங்கள்.

மாளிகாவத்தை கடைக்காரர்: களவுச் சாமான் என்று தெரியாமல் வாங்கினால்?

தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவு, தெரிந்து வாங்கியவரை மட்டும் பிடிப்பதில்லை. களவுச் சாமான் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியவரையும் பிடிக்கும். களவு நடந்த கொஞ்ச நாளில் சாமான் உங்கள் கடையில் இருந்து, அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், சான்றுச் சட்டத்தின் 114 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் உங்களுக்கு எதிராகவே ஊகிக்கலாம். அதனால் கொப்பி எழுதுங்கள்: திகதி, நேரம், விற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், நிறை, கொடுத்த காசு. சாமானை போனில் படமும் எடுங்கள். எரித்த கேபிள் செம்பை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உறையை எரிப்பதே பெரும்பாலும் அடையாளத்தை அழிக்கத்தான். அந்தப் புகையும் நஞ்சு.

தெமட்டகொடை: தம்பி தெரியாமல் வாங்கிவிட்டான், அவனைப் பிடிப்பார்களா?

மேலே சொன்னதுதான்.

ஏற்றுமதி அனுமதி எடுப்பது எப்படி?

என் துறை இல்லை. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் கேளுங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியர்: இங்கிலாந்தில் பழைய இரும்பைக் காசுக்கு வாங்கவே தடையாம். இங்கேயும் வேண்டும்.

உண்மை. அங்கே 2013 சட்டப்படி கடைக்கும், வீடு வீடாகச் சேகரிப்பவருக்கும் உள்ளூராட்சி மன்றம் உரிமம் கொடுக்க வேண்டும். விற்பவரின் அடையாளத்தைப் பார்க்க வேண்டும், பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், பணம் காசோலையிலோ வங்கி வழியாகவோதான் போக வேண்டும்.

கிராண்ட்பாஸ்: சேர், தள்ளுவண்டியில் சேர்க்கிற எனக்கு பேங்க் கணக்கே இல்லை. அன்றாடம் கைக்கு வருகிற காசுதான் அன்றைய சோறு.

ஆசிரியர் மறுபடி: இரக்கம் பார்த்தால் களவு நிற்காது. கொழும்பின் புதிய களனிப் பாலத்தில் கேபிளையே களவாகக் கழற்றவில்லையா?

என் பதில்: சேர், அதைத் தள்ளுவண்டிக்காரர் தலையில் கட்டாதீர்கள். போத்தல், தகரம் பொறுக்குகிறவர் பாலத்துக் கேபிளை வெட்டவில்லை. கிலோக்கணக்கில் செம்பு கொண்டுவருகிறவரிடம் யார், எங்கிருந்து என்று கேட்காமல் கடைகள் வாங்குவதால்தான் வெட்டுகிறவனுக்குத் துணிவு வருகிறது. என்னைக் கேட்டால், செம்புக்கும் பித்தளைக்கும் குறித்த நிறைக்கு மேல் வங்கிவழிப் பணம் கட்டாயம், சின்னச் சேகரிப்புக்குக் காசு போதும். ஆனால் இரண்டுக்கும் அடையாள அட்டையும் பதிவும் வேண்டும். முழுத் தடை போட்டால் ஏழை விற்பவர்கள் பதிவே இல்லாத பின்வாசல் கடைக்குத்தான் போவார்கள்.

எரித்த செம்பு மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வேண்டாம்.

பொலிஸ் கடைச் சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டது. என்ன செய்ய?

எடுத்தவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றிய பொருளை நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் கொப்பியோடு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, அதைத் திருப்பித் தரச் சொல்லி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பியுங்கள்.