இத்தாலிப் பயணம்: பில், அறை, டிக்கெட் – கேள்வி-பதில்

கேள்வி: நானும் மனைவியும் வெனிஸில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். மெனுவில் மீன் 7.50 யூரோ, பாஸ்தா 14 யூரோ, தண்ணீர் 3 யூரோ. 24.50 வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். பில் 79.80! ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று இல்லை என்றே தோன்றுகிறது. மெனுவில் எழுதியிருந்ததை நீங்கள் முழுவதும் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். மீன் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருந்திருக்கும். அது 100 கிராமுக்கான விலை. முழு மீன் 680 கிராம் இருந்தால் 6.8 மடங்கு, அதாவது 51 யூரோ. தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்த பச்சை மீனின் எடை அது. சாப்பாடும் தண்ணீரும் 68 யூரோ. அதன்மேல் 10% சேவைக் கட்டணம் 6.80, இரண்டு பேருக்கு 'கோபெர்த்தோ' என்ற தலைக்கட்டணம் 2.50 வீதம் 5 யூரோ. கூட்டினால் சரியாக 79.80.

எடைக்கு விற்கும் எதையும் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். தாளில் எழுதித் தரச் சொன்னாலும் சர்வர் கோபப்பட மாட்டார். விலைக்குப் பதிலாக 'எஸ்.கியூ.' என்று மட்டும் இருந்தால் அளவைப் பொறுத்து விலை என்று பொருள். அங்கே கேட்காமல் ஆர்டர் செய்யவே கூடாது. ஃபிளாரன்ஸின் பெரிய மாட்டிறைச்சித் துண்டும் இப்படித்தான். கிலோவுக்கோ எத்தோவுக்கோ விலை போட்டிருப்பார்கள், ஒரு துண்டே சாதாரணமாக ஒரு கிலோவைத் தாண்டும். அது இருவர் பகிர்ந்து சாப்பிடும் பண்டம்.

கோபெர்த்தோ என்பது உட்காருவதற்கான தலைக்கட்டணம். மெனுவில் அச்சிட்டிருந்தால் கொடுத்தாக வேண்டும், அச்சிடாமல் பில்லில் மட்டும் வந்தால் மறுக்கலாம். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் கோபெர்த்தோ வாங்கத் தடை உண்டு. அதனால் அங்கே அது 'பானே' என்று ரொட்டி விலையாக வேஷம் மாறி வரும். ரொட்டி வேண்டாம் என்றால் கூடை மேசைக்கு வந்த உடனேயே திருப்பி அனுப்புங்கள். ஒரு துண்டைக் கிள்ளிவிட்டு வாதாட முடியாது. சேவைக் கட்டணம் போட்ட பில்லுக்கு மேல் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. போடாத இடத்திலும் சில்லறையை விட்டு வருவதே தாராளம்.

காபிக்கும் இதே கதைதான். இத்தாலியில் 'பார்' என்றால் காபிக்கடை. கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு விலை. பிரபலமான சதுக்கங்களில் உட்கார்ந்து குடிப்பது மூன்று, நான்கு மடங்குகூட ஆகும். வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் வாத்தியம் வாசிக்கும் நேரத்தில் உட்கார்ந்தால் தலைக்கு இசைக் கட்டணமும் சேரும். தெரிந்தே கொடுத்தால் தவறில்லை. மாலை வேளையில் அந்தச் சதுக்கத்துக்கு அது தகும் என்றே சொல்வோம். ரயில் நிலைய பார்களில் பல இடங்களில் முதலில் பணம் கட்டி, ரசீதைக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும்.

கேள்வி: நாங்கள் இருவரும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பீட்சாவைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: நிறைய இருக்கிறது. 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். காய்கறி சூப்பான மினெஸ்த்ரோனேயும் அரிசிப் பண்டமான ரிசோத்தோவும் இறைச்சிச் சாறில் வெந்திருக்கலாம். கீரை வதக்கலில் நெத்திலி கரைந்திருக்கலாம். ரொமாஞ்ஞா பகுதியின் பியாதீனா ரொட்டியில் பாரம்பரியமாகப் பன்றிக்கொழுப்பு உண்டு. இனிப்புகளில், பன்னா கோத்தாவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், தீராமிசுவில் வேகாத முட்டை.

பாஸ்தாவில் ஒரு எளிய வகுப்பு உண்டு. கடையில் விற்கும் காய்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். 'ஃப்ரெஸ்கா' என்று போட்ட புதுப் பாஸ்தாவில், குறிப்பாக போலோஞ்ஞா பக்கத்தில், முட்டை இருக்கும். தெற்கே புலியாவின் ஒரெக்கியெத்தே புதிதாகப் பிசைந்ததானாலும் ரவையும் தண்ணீரும்தான்.

மெனுவின் அடியில் 1 முதல் 14 வரை எண்கள் போட்டிருப்பார்கள். ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்வது ஐரோப்பியச் சட்டப்படி கட்டாயம்; வழக்கமான வரிசையில் 2 நண்டு-இறால், 3 முட்டை, 4 மீன், 7 பால், 14 கணவாய், சிப்பி வகை. அந்தக் கடை எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பதை அதே தாளில் ஒருமுறை சரிபாருங்கள். முட்டையையும் மீனையும் தவிர்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. இறைச்சி மட்டும் இந்தப் பட்டியலில் கிடையாது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்: 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே, சென்ட்சா உவோவா' – இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். பன்றித் துண்டுகளைச் சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'பஞ்சேத்தா', 'ப்ரொஷுத்தோ' வேண்டாம் என்றும் தனியாகச் சொல்லுங்கள்.

பாலாடைக்கட்டி விஷயத்தில் கண்டிப்பானவர்களுக்கு: பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் வயிற்று நொதி கொண்டுதான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் நொதி. ஆகவே ரோமின் புகழ்பெற்ற சீஸ் பாஸ்தாவான காச்சோ எ பெப்பேயும் சீஸ் சேர்ந்த ஜெனோவாவின் பெஸ்தோ சாஸும் உங்களுக்கு ஆகாது. ஆகக்கூடியவை: மரினாரா பீட்சா (தக்காளி, பூண்டு, ஒரேகானோ, எண்ணெய், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மீனும் இல்லை, சீஸும் இல்லை), ஆலியோ எ ஓலியோ (பூண்டு, எண்ணெய் பாஸ்தா), சீஸ் தூவாத அராபியாத்தா (காரத் தக்காளி பாஸ்தா). லிகூரியாவிலும் டஸ்கனி கடற்கரையிலும் கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஃபரினாத்தா கிடைக்கும். பலேர்மோவில் அதே கடலை மாவில் பனெல்லே பொரிப்பார்கள். இரண்டும் நம் நாக்குக்குப் பழகிய ருசி, விலையும் குறைவு.

நேரமும் முக்கியம். மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30-க்கு மேல், இடையில் சமையலறை மூடியிருக்கும். மாலை 5 மணிக்கு முழுச் சாப்பாடு போடும் கடை சுற்றுலாப் பயணிகளை நம்பி நடப்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: ரோமில் 4 நட்சத்திர ஹோட்டலுக்கு 3 இரவுக்கான பணத்தை முன்பே கட்டியாயிற்று. அறையைக் காலி செய்யும்போது இன்னும் 45 யூரோ கேட்டார்கள். கொடுத்தது சரியா?

பதில்: சரி. அது நகராட்சியின் தங்கும் வரி. ரோமில் 4 நட்சத்திரத்துக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 7.50 யூரோ, இருவர், 3 இரவு என்றால் 45. மூன்று நட்சத்திரத்துக்கு 6, ஐந்துக்கு 10. தொடர்ந்து 10 இரவுக்கு மேல் வாங்க மாட்டார்கள். முன்பதிவுத் தளங்கள் பல இதை மொத்தத் தொகையில் சேர்க்காமல் கீழே குறிப்பாக மட்டும் போடுகின்றன. ஊருக்கு ஊர் விகிதம் மாறும். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வெனிஸில் இன்னொன்று. 2024 முதல் அறிவிக்கப்பட்ட சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. வெனிஸ் நகராட்சிக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கையும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறியீடு வாங்கி வைக்க வேண்டும். தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் இருக்கும் மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான். அறை வாடகை குறைவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆனால் விடியற்காலையிலும் இரவிலும் கூட்டமில்லாத வெனிஸைப் பார்ப்பதற்காகவே போகும் தம்பதி என்றால், ஓர் இரவாவது தீவுக்குள் தங்குங்கள் என்போம். சக்கரப் பெட்டியோடு பாலப் படிகளை ஏறி இறங்க வேண்டியிருக்கும். படகுத் துறைக்குப் பக்கத்தில் அறை பாருங்கள்.

அறை பதியும்போது பார்க்க வேண்டியவை: 'மத்ரிமோனியாலே' என்றால் இருவர் படுக்கும் ஒரே பெரிய கட்டில், 'தோப்பியா' என்றால் இரண்டு தனிக் கட்டில்களாக இருக்கலாம். 'பாஞ்ஞோ எஸ்தெர்னோ' என்றால் குளியலறை அறைக்கு வெளியே. பழைய கட்டடங்களில் மூன்றாம் மாடி அறைக்கு லிஃப்ட் இல்லாமலும் இருக்கும். ஏசி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியார் ஃபிளாட் என்றால் விளம்பரத்தில் 'சின்' எனப்படும் தேசிய அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கேட்பது வழக்கம்தான், விருந்தினர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது சட்டம். பதிந்துகொண்டு திருப்பித் தர வேண்டும். ஒரு நல்ல செய்தி: வீடுகளில் பிடே (கழுவிக்கொள்ளும் தண்ணீர்த் தொட்டி) கட்டாயம் என்று 1975-லேயே அரசாணை போட்ட நாடு இது. கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்ற நம் ஊர்க் கவலை அங்கே பெரும்பாலும் எழாது.

விசாவுக்காக ஹோட்டல் பதிகிறவர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையே பதியுங்கள். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ. விசா மறுத்தாலும் திரும்பாது. மலிவு என்று 'நான்-ரீஃபண்டபிள்' அறையும் எடுத்தால் இரண்டு பணமும் போகும்.

கேள்வி: கொலோசியம் டிக்கெட் அதிகாரபூர்வத் தளத்தில் தீர்ந்துவிட்டது. வேறு தளங்களில் மூன்று மடங்கு விலை. வாங்கலாமா? என் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர்தான் சர்நேமாக இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா?

பதில்: பெயர் விஷயம் முதலில். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட் ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், சுருக்கிய இனிஷியல் எதுவும் வேண்டாம். சர்நேம் கட்டமே காலியாக இருப்பவர்கள் பெயரைப் பிரித்து இரண்டு கட்டத்திலும் போடலாம். சேர்த்துப் படித்தால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் வர வேண்டும். ஒருவர் பெயரில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு மனைவியைப் பின்னால் நிற்க வைக்கும் வேலை நடக்காது.

சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலிருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரமும் பாலத்தீன் குன்றும் அதிலேயே அடங்கும். சுமார் 30 நாள் முன்பு விற்பனைக்கு வரும், அந்த நாளிலேயே வாங்குவதுதான் வழி. மற்ற தளங்கள் தருவது பெரும்பாலும் வழிகாட்டியோடு சேர்ந்த தொகுப்பு. வழிகாட்டி உண்மையிலேயே இருந்தால் கூடுதல் விலைக்கு ஒரு நியாயம் உண்டு. 'வரிசையைத் தாண்டி' என்று மட்டும் சொல்லி விற்றால் வேண்டாம். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது.

மிலானில் லியொனார்தோவின் 'கடைசி இராவுணவு' ஓவியத்தைச் சிறு குழுவாக 15 நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். விமான டிக்கெட் எடுத்த கையோடு அதைத் தேடத் தொடங்குங்கள், திங்கள் விடுமுறை. ஃபிளாரன்ஸின் உஃப்பீட்சி ஓவியக் கூடமும் திங்கள் மூடல். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும். அன்று வரும் கூட்டத்தைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். தோளும் முழங்காலும் மூடிய உடை அங்கே கட்டாயம்.

கேள்வி: வெனிஸில் கோண்டோலா படகுச் சவாரிக்கு ஆளுக்கு 90 யூரோவா?

பதில்: படகுக்கு 90. பகலில் 30 நிமிடம், ஐந்து பேர் வரை. மாலை 7-க்கு மேல் 110. ஏறுவதற்கு முன்பே நேரத்தையும் வழியையும் பேசிக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தனிக் காசு. பெரிய கால்வாயைக் கடக்க மட்டும் 'த்ரகெத்தோ' படகு இருக்கிறது, ஆளுக்கு 2 யூரோ.

கேள்வி: டஸ்கனியில் கார் எடுக்க ஆசை. எச்சரிக்கை ஏதாவது?

பதில்: இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்புமுன் வாங்குங்கள். பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கணவர் கார்டு, மனைவி ஓட்டுநர் என்றால் பல நிறுவனங்கள் சாவி தராது.

காசைக் கரைப்பது இசட்டிஎல் என்ற போக்குவரத்துத் தடைப் பகுதி. ஃபிளாரன்ஸ், பீசா, சியெனா எல்லாவற்றின் பழைய நகருக்குள்ளும் உண்டு. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகை நிற்கும், கேமரா நம்பரைப் படமெடுக்கும். 'வார்கோ ஆத்திவோ' என்று ஒளிர்ந்தால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துப் பலர் நுழைகிறார்கள். உண்மையில் தடை அமலில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே நாளில் மூன்று வாசல் கடந்தால் மூன்று அபராதம் வரலாம். வாடகை நிறுவனம் உங்கள் பெயரை நகராட்சிக்குக் கொடுத்ததற்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணத்தைக் கார்டில் பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் கார் நம்பரை முன்பே அனுப்பிப் பதியச் சொல்லுங்கள். அல்லது வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மட்டும்தான் என்றால் கார் வேண்டவே வேண்டாம், ரயில் போதும். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போட மறக்காதீர்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான்.

கேள்வி: தோல் பை வாங்கினோம். வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே, எப்படி?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். 2024 பிப்ரவரிக்கு முன் இந்த வரம்பு 154.94. விற்பனை வரி 22% என்றாலும் இடைத்தரகரின் கட்டணம் போகக் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறையும். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே படிவம் வாங்க வேண்டும், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். பொருளைப் பயன்படுத்தாமல் வையுங்கள். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் சுங்க ஒப்புதல் வாங்குங்கள். அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம். பாரிஸ் அல்லது ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகத் திரும்பினால் ஒப்புதல் பொதுவாக அங்கே, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில். பெட்டி சென்னைவரை நேராகப் போகும்படி போட்டுவிட்டால் அங்கே காட்டப் பொருள் கையில் இருக்காது. சின்ன விலையுயர்ந்த பொருளைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'யூரோவா, ரூபாயா' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் தன் லாபத்தோடு வைக்கும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். நடைபாதையில் விற்கும் போலி பிராண்ட் பையை மட்டும் தொடாதீர்கள். இத்தாலியில் வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை.