வாசகர் கேள்வி: எரித்தால்தான் புல்வெளி

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துக்குச் சென்றிருந்தபோது, ஏப்ரல் மாதத்தில் குன்று குன்றாகப் புல்வெளியைக் கொளுத்துவதைக் கண்டேன். பண்ணைக்காரர்களே முன்னின்று தீ வைக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா? அப்படியே விட்டுவிட்டால் என்ன?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படியே விட்டுவிட்டால், நாற்பது ஆண்டுகளுக்குள் அங்கே பல இடங்களில் புல்வெளி இருக்காது, மரக்காடுதான் இருக்கும். நீங்கள் பார்த்தது ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுப் பகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெறும் அந்த நிலத்தில் மரம் வளர ஈரம் தாராளமாகவே உண்டு. ஈஸ்டர்ன் ரெட் சீடர் என்னும் மரத்தின் கனிகளைத் தின்னும் பறவைகள் அதன் விதைகளை எங்கும் எச்சமிட்டுப் பரப்புகின்றன. ஆனால் அந்த மரத்தின் இளங்கன்று தீயில் கருகினால் மறுபடி துளிர்ப்பதில்லை. புல்லுக்கோ வளர்நுனி மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டி வளரும் பிக் புளூஸ்டெம் புல்லின் வேர் 10 அடி ஆழம்வரைகூடச் செல்லும். தீ எரிப்பது மேலே காய்ந்து நிற்கும் பழைய தாளையும் சருகையும் மட்டுமே. சருகு நீங்கியதும் கருத்த தரை வெயிலில் விரைவாகச் சூடேற, சில வாரங்களில் இளம்புல் தழைத்துவிடுகிறது. அதை மேயும் மாடுகளுக்கு எடை கூடும் என்பதே பண்ணைக்காரர்களின் கணக்கு. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே கான்சா, ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை விலங்குகளை இளம்புல்லுக்கு வரவழைப்பதற்காகத் தீ வைத்து வந்தார்கள்.

அதற்காக, கண்ணுக்கெட்டிய நிலம் முழுவதையும் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் கொளுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. பிரேரி கோழி கூடு கட்ட முந்தைய ஆண்டின் காய்ந்த புல் மறைப்பாக நிற்க வேண்டும். எல்லாம் எரிந்துபோனால் அது எங்கே முட்டையிடும்? புகையும் கன்சாஸ் சிட்டி, ஒமாஹா போன்ற நகரங்கள்வரை பரவி மூச்சுத் தொல்லை தருகிறது. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாக மாற்றி மாற்றி எரிக்கும் முறையே மேல்.

கேள்வி: ஆளுயரப் புல் வளரும் இத்தகைய உயர்புல்வெளி அந்த ஒரு பகுதியில் மட்டும் பெரிய அளவில் மிஞ்சியது எப்படி?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கல்லின் புண்ணியம். ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரவியிருந்த உயர்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய 4 சதவீதம். தலைமுறை தலைமுறையாகப் புல்வேர் மக்கி உருவான கறுப்பு மண்ணின் வளமே அதற்கு எமனாயிற்று. பின்னிக் கிடந்த வேர்களும் ஏரில் அப்பிக்கொள்ளும் மண்ணும் முதலில் உழவர்களைத் திணறடித்தன; 1837இல் ஜான் டியர் இல்லினாயில் எஃகுக் கலப்பையை உருவாக்கிய பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி மக்காச்சோள வயலாகிவிட்டது. ஃபிளின்ட் ஹில்ஸில் மட்டும் சுண்ணாம்புப் பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. குன்றுச் சரிவுகளில் அதன்மேல் படிந்துள்ள மண் மிகவும் மெல்லியது. அங்கே ஏர் ஓட்ட வழியில்லாததால் நிலம் மேய்ச்சலுக்கு விடப்பட்டுத் தப்பித்தது.

கேள்வி: அங்கே பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகளை மறுபடியும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாமே, மாடு மேய்ந்தால் போதாதா?
- வாசகர், ஈரோடு

பதில்: மாடும் உதவும், ஆனால் பைசன் அளவுக்கு உதவாது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஆய்வு நடத்தும் கோன்சா புல்வெளியில் 1987இல் பைசன்கள் விடப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கணக்கெடுப்பில், அவை மேய்ந்த நிலத்தில் நாட்டுத் தாவர வகைகள் மேய்ச்சலில்லாத நிலத்தைவிட இரு மடங்காயின. மாடு மேய்ந்த நிலத்திலும் பெருகின, ஆனால் குறைவாகவே. பைசன் பெரும்பாலும் புல்லையே தேர்ந்து மேய்வதால், புல்லின் நிழலில் ஒடுங்கியிருந்த பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. புழுதியில் புரண்டு புரண்டு அவை உண்டாக்கும் பள்ளங்களில் மழைநீர் தேங்கும்போது, சுற்றியுள்ள மேட்டில் முளைக்காத செடிகள் அங்கே முளைக்கின்றன.