குழந்தைக்கு எந்தக் கோயிலில் திருமுழுக்கு?

தம்பி, இங்கு வந்து நான்கு மாதமாகியும் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கவில்லை, மனைவி சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையைச் சேர்ந்தவர், திருமணத்தில் எழுதிக்கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நான் கத்தோலிக்கம், கணவர் உங்கள் மனைவியைப் போலச் சீர்திருத்த சபை. பிள்ளைகள் இருவர்.

அந்த வாக்கு உங்களுடையது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இருவரிடமும் உறுதிமொழி கேட்டது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். இப்போதைய 1983 சட்டப்படி கத்தோலிக்கர் மட்டும், பிள்ளைகளுக்குத் தம் திருச்சபையில் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாக வாக்களிக்கிறார். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவே. 'இயன்றதையெல்லாம்' என்ற சொல்லில் மனைவியின் மனச்சாட்சியை மிதிப்பது சேராது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். மூத்தவளின் திருமுழுக்குக்கு நானே நாள் குறித்துவிட்டுக் கணவருக்கு அறிவித்தேன். அன்று அவர் விருந்தாளியைப் போலப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குழந்தைக்கு முதலில் அவரிடம் பேசினேன். கத்தோலிக்க ஞானத்தாய் ஒருவருடன் அவர் தங்கையையும் சாட்சியாக நிறுத்தினோம். திருமுழுக்குப் பெற்ற பிற சபையினர் சாட்சியாக நிற்கச் சட்டம் இடம் தருகிறது; கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒருவேளை மனைவியின் சபையில் கொடுப்பதென்று முடிவானாலும் தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலும் கொடுத்தது செல்லும், மறுபடி கொடுக்கமாட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில் சொல்லும் பயமுறுத்தல்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடினமான நாள் புதுநன்மை, அதாவது பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மகள் நற்கருணை வாங்கிவிட்டு வந்து, "அப்பா ஏன் வாங்க வரவில்லை?" என்றாள். நான் விழுங்கினேன். அவரே சொன்னார்: "நம் இரண்டு திருச்சபைகளும் இன்னும் ஒன்றாகவில்லை, அதனால்தான்." "எப்போது ஒன்றாகும்?" என்றாள். இருவரிடமும் பதில் இல்லை. அவர் சபையின் திருவிருந்தில் நானும் கை நீட்டுவதில்லை. அந்த வலி இரண்டு பக்கமும் இருக்கிறது என்று அவள் பார்த்தே வளர்ந்தாள்.

ஞாயிறு திருப்பலி, மறைக்கல்வி இரண்டையும் நான் விட்டதில்லை. இங்கே பாட்டி, சித்தி என்று யாரும் இல்லாததால் வீட்டு செபம்தான் பாதிப் பாடம். என்னுடன் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", அவருடன் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". அவர் செபத்தின் முடிவில் உள்ள "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்ற கூடுதல் வரி, திருப்பலியிலும் சற்றுத் தள்ளி வருகிறதே என்று கண்டுபிடித்தவன் மகன்தான்; எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. செபமாலை சொல்லும்போது அவர் பேசாமல் உடன் உட்கார்ந்திருப்பார். மாதாவைப் பற்றி வாதம் செய்வதில்லை என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் பேச்சு வருமுன்.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், மனைவியையும் அழைத்துப் போங்கள்.