இணையத்தில் பழகியவர் சொன்னதெல்லாம் பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

கடிகாரத்தால்.

மூன்று வருடத்துக்கு முன், 36 வயதில், ஒரு வரன் பார்க்கும் தளத்தில் பதிந்து வைத்திருந்தேன். விவாகரத்தானவள் என்று போட்டால் எப்படிப்பட்ட ஆட்களெல்லாம் பேச வருவார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதற்கு நடுவே தூத்துக்குடிக்காரர் ஒருவர். சரக்குக் கப்பலில் தேர்ட் இன்ஜினியராம். சிங்கப்பூருக்கும் பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்துக்கும் ஓடும் கப்பல். நெட் போதாது என்று வீடியோ காலில் வரவே மாட்டார், வாட்ஸாப்பில் எழுத்தும் குரல் பதிவும் மட்டும்தான். பேச்சில் மயங்கினேன் என்று சொல்ல மாட்டேன். நான் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டார், அதுதான். காலையில் தலைவலி என்றால் இரவு மறக்காமல் விசாரிப்பார். அவர் அம்மா வைக்கும் கணவாய்த் தொக்கை, இஞ்சியை எப்போது போட வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தார்.

ஐந்தாவது மாதம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றார். 45,000 ரூபாய் அனுப்பினேன். அக்கவுண்ட் வேறொரு பெயரில் இருந்தது, நண்பனுடையதாம். அப்புறம், சம்பளம் முடங்கிக் கிடக்கிறது, கப்பலை விட்டு இறங்க ஏஜென்டுக்கு 2 லட்சம் கட்ட வேண்டும் என்றார். வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் மாமாவிடம் போனேன். மாமா கப்பலில் போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளுக்குத் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர்.

"இப்ப எங்க நிக்கானாம்?"

"சாண்டோஸ்ல, மாமா."

"நேத்து எப்ப பேசுனான்?"

"ராத்திரி ஒன்பதரைக்கு. சாப்பிட்டாச்சு, படுக்கப் போறேன்னு சொன்னாரு."

"ஏட்டி, அங்க அப்ப மத்தியானம் ஒரு மணி."

போனை எடுத்து ஐந்து மாதச் செய்திகளையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். கப்பல் மேற்கே போகப் போக அங்கே கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னுக்குத் திருப்பி வைப்பார்களாம். இவருக்கோ எந்தக் கடலில் இருந்தாலும் நம்மூர் ஆறரைக்கு விடிந்தது, நம்மூர் பத்து மணிக்குத் தூக்கம் வந்தது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அடுத்தவர் ரசீதில் ஒரு தேதி மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். "படித்த பெண் எப்படி ஏமாந்தாய்" என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

மாமா இன்னொன்றும் சொன்னார். இந்தியக் கப்பல்காரர்களுக்கு இண்டோஸ் நம்பர் என்று ஒரு பதிவு எண் உண்டு. கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் அதையும் பிறந்த தேதியையும் போட்டுச் சரிபார்க்கலாம். தூத்துக்குடிக்காரரிடம் அந்த நம்பரைக் கேட்டேன். "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று ஒரே சண்டை. மறுநாள் பிளாக்.

அவர் தன்னுடையது என்று காட்டியிருந்த படத்தை, படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். படத்துக்கு உரியவர் வேறு மாநிலத்துக்காரர். உண்மையிலேயே கப்பல் இன்ஜினியர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். செய்தி அனுப்பினால், இப்படி விசாரித்த மூன்றாவது பெண் நான்தானாம். தன் தப்பு ஒன்றும் இல்லாமலேயே பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்தேன், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்தேன். ஆனால் பணம் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் அழுவதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. ஆள் மாறாட்டம் செய்து கணினி, போன் வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆள் கிடைத்தால்தானே!

இன்றுவரை அவன் யாரென்று தெரியாது. கணவாய்த் தொக்கு மட்டும் அவன் சொன்னபடிதான் வைக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. எந்த அம்மா வைத்ததோ.