டொராண்டோ சுவர்ப் பெட்டி கும்பகோணத்து கீசருக்குப் பொருந்துமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என் தாயாருக்கு வயது 84. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்தாக வேண்டும். நான் நாலரைக்கு எழுந்து கீசரைப் போடுகிறேன். பல நாள் அணைக்க மறந்துவிடுகிறேன். டொராண்டோவில் இருக்கும் மகன், தன் வீட்டுச் சுவரில் உள்ளதைப் போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிவந்து மாட்டித் தருவதாகச் சொல்கிறான். மாட்டலாமா?"

மாட்டக் கூடாது, ஐயா. வேண்டிய பொருள் நம் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. அதன் பெயர் தெர்மோஸ்டாட் அல்ல.

மகன் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி அறையின் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. குறித்த அளவுக்குக் கீழே போனால், நிலவறையில் இருக்கும் எரிவாயு உலைக்கு "எரி" என்று சொல்கிறது. அதற்குள் ஓடுவது வெறும் 24 வோல்ட். உங்கள் கீசர் 2000 வாட் என்றால், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை அந்தப் பெட்டி வழியாக விட்டால் முதல் நாளே கருகிவிடும்; சுவரும் சேர்ந்து கருகலாம்.

இன்னொன்று. உங்கள் கீசருக்குள் ஏற்கெனவே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் அதுதான் சூடேற்றும் காயிலைத் துண்டிக்கிறது. அது தவறினால் துண்டிக்க ஒரு கட்அவுட்டும், அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்ற ஒரு வால்வும் உண்டு. தெர்மோஸ்டாட் பழுதாகும்போது "டைரக்ட் கொடுத்துவிடலாம் சார், ஓடும்" என்று, அதைத் தவிர்த்துக் கம்பியை நேராகச் சேர்க்கச் சொல்லும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடத்தான் செய்யும், தொட்டி வெடிக்கிறவரை. அப்படிச் சொல்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆக, சூட்டைக் கவனிக்க ஆள் இருக்கிறது. நேரத்தைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. உங்களுக்கு வேண்டியது, குறித்த நேரத்தில் தானே போட்டுத் தானே அணைக்கும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்ச் அல்லது ஸ்மார்ட் பிளக். கடையில் 10 ஆம்பியர் ஒன்றைக் காட்டி "8.7 தானே, தாங்கும்" என்பார்கள். வாங்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடும் பொருளுக்கு அந்த இடைவெளி போதாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், செல்போனில் "அணைந்தது" என்று காட்டும். கீசர் ஓடிக்கொண்டே இருக்கும்.

மறதி ஒன்றுதான் பிரச்சினை என்றால் கடிகாரம் போல முள் வைக்கும் சாதாரண டைமரே போதும். அதிலும் 16 ஆம்பியர் பாருங்கள். மகன் டொராண்டோவிலிருந்து பாட்டியின் வெந்நீரைக் கண்காணிக்க ஆசைப்பட்டால் மட்டும் ஸ்மார்ட். அப்போதும், இணையம் இல்லாவிட்டாலும் நேர அட்டவணையைத் தனக்குள்ளேயே வைத்திருந்து ஓடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். புதிய ரௌட்டர்களில் அந்த அலைவரிசையைச் சிலர் அணைத்து வைத்திருப்பார்கள்.

பொருத்தும்போது நம் ஊர்ப் பக்க வீடுகளில் முதலில் முட்டுவது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி. பழைய ஓட்டு வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்கு, மின்சாரம் கொண்டுவரும் பேஸ் கம்பி மட்டும் வந்து திரும்பும். ஸ்மார்ட் சுவிட்ச் தான் விழித்திருக்கவே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அதற்கு நியூட்ரலும் வேண்டும். அந்தப் பெட்டியில் நியூட்ரல் இல்லையென்றால் எர்த் கம்பியை நியூட்ரலாக வைத்து முடிச்சுப் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. குளியலறையில் அது கொலைக்குச் சமம். கீசர் செருகும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று கம்பியும் இருக்கும் என்பதால், உங்கள் வீட்டில் ஸ்மார்ட் பிளக்தான் எளிது. சாக்கெட் குளியலறைக்குள் இருந்தால் அதைக் குளியலறைக்கு வெளியே உள்ள சுவருக்கு மாற்றிய பிறகு மாட்டுங்கள். கீசருக்கென்று தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, சுமை மிஞ்சினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி., அதோடு மின்கசிவு ஏற்பட்டதும் துண்டித்து உயிரைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்தக் கடைசிப் பொருள் இல்லாத வீட்டில் ஸ்மார்ட் சுவிட்சுக்குச் செலவு செய்வது, கதவில்லாத வீட்டுக்குக் கேமரா வைப்பது. பழைய டபுள் போல் சுவிட்சைக் கழற்ற வேண்டாம். பழுது பார்க்கும்போது இரண்டு கம்பியையும் துண்டிக்க அதுதான் கைகொடுக்கும்.

எத்தனை மணிக்கு வைப்பது? மார்கழி விடியலில் மேல்தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டரை 55 டிகிரிக்கு ஏற்ற, 2000 வாட்டில் சுமார் 16 நிமிடம்; அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவு. குழாய்த் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறத்தாழ 29 லிட்டர், அதாவது இரண்டு வாளி. ஆனால் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சூடேற்றும் திறன் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும். அதே தண்ணீருக்கு 26 நிமிடம் ஆகும். எனவே 4.15க்குத் தொடங்கி 4.50க்கு அணையும்படி வையுங்கள். அம்மா ஐந்து மணிக்குக் குளியலறைக்குள் போகும்போது கீசரில் மின்சாரமே இருக்காது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது இதுதான். மின்கட்டண மிச்சம் பிறகு. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மாசி முடிந்ததும் அட்டவணையைப் பத்து நிமிடம் குறைத்துவிடலாம். சித்திரையில் மத்தியானத் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும், கீசர் எதற்கு?

கீசரின் குமிழை 55லிருந்து 60க்குள் வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் முதியவர் தோலைச் சில நொடிகளில் புண்ணாக்கிவிடும்; வாளியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அதன்மேல் வெந்நீர்.

செயலியில் "மின்சாரம் திரும்பும்போது" என்று ஒரு அமைப்பு இருக்கும். அதை "அணைந்த நிலை" என்று மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக மின்சாரம் போய் வரும் ஊர் நம்முடையது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவு இரண்டு மணிக்குத் திரும்பி வரும் மின்சாரம் தானாகக் கீசரைப் போடக் கூடாது. இன்வெர்ட்டர் லைனில் ரௌட்டரை வைக்கலாம், கீசரை ஒருநாளும் வைக்கக் கூடாது.

போர் தண்ணீர் என்றால் காயிலில் சுண்ணாம்பு படியும். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். கீசர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால் அதுதான் காரணம். சீர்காழி, வேதாரண்யம் பக்கம்போல உப்பேறிய தண்ணீர் என்றால் தொட்டியையே அரிக்கும். உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் காக்கிறது. அது தீர்ந்துவிட்டதா என்று வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இதை எந்தச் செயலியும் உங்களுக்கு நினைவூட்டாது.

மகன் அந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், தன் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளட்டும். உலையின் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பழைய பெட்டியைக் கழற்றி, எந்தக் கம்பி எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர் மின்சாரம் தரும் கம்பி, டபிள்யூ சூட்டைக் கேட்கும் கம்பி. வைஃபை பெட்டி ஓயாமல் விழித்திருக்க சி என்ற திரும்பு கம்பி வேண்டும். நம் நியூட்ரல் தகராறுதான் அங்கே சி கம்பித் தகராறு. அது இணைக்கப்படாவிட்டாலும் சுவருக்குள் உபரியாக ஒரு கம்பி சுருட்டி விடப்பட்டிருக்கும் வீடுகள் பல. அதை இரு முனையிலும் சேர்த்தால் தீர்ந்தது. ஒருவேளை பெட்டிக்குப் பின்னால் தடித்த கம்பிகள் இருந்தால் அது சுவரோர மின் ஹீட்டருக்கான 240 வோல்ட் இணைப்பு. அதற்கான தெர்மோஸ்டாட் வேறு. வாங்கியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டும்.