அப்ரண்டிஸ் பயிற்சியில லோடு ஏத்தத்தான் விடறாங்க, நின்னா 50,000 கட்டணுமாம், என்ன செய்யலாம்?

ஓசூர் பக்கம் ஒரு பேனல் போர்டு கம்பெனியில அப்ரண்டிஸா இருக்கற தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார். வயசு 19, ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்ச கையோட சேந்திருக்கார், ஒரு வருஷ பயிற்சியில ஏழு மாசம் ஓடிடுச்சு. வயரிங், டெர்மினேஷன் (வயர் முனையை இணைக்கறது), டெஸ்டிங் எதையும் கத்துக் குடுக்கல, கேபிள் ட்ரம் உருட்றதும் லாரியில போர்டு ஏத்தறதும்தான் வேலை, பல நாள் ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்க வைக்கறாங்க, கம்பெனியில இருந்து மாசம் 5500 ரூபாய்தான் வருது, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் எச்ஆர் பீரோவுல இருக்கு. கூட இருந்த பையன் லைவ் பேனல்ல, அதாவது கரண்ட் ஓடிட்டு இருக்கற பேனல்ல, வேலை செஞ்சப்ப ஃப்ளாஷ் அடிச்சு கை வெந்து போச்சு. நின்னுக்கறேன்னு சொன்னா 50,000 கட்டிட்டு போன்னு சொல்றாங்களாம், "அப்ரண்டிஸுக்கு லேபர் லா கிடையாது"ன்னு சூப்பர்வைசர் வேற மிரட்டறாராம்.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கோவத்துல சொல்லாம கொள்ளாம நின்னுடாதீங்க. நீங்களா நின்னா ஒப்பந்தத்தை மீறினது நீங்கன்னு ஆயிடும், ஏழு மாச உழைப்பும் அப்ரண்டிஸ் சர்டிபிகேட்டும் போயிடும், இப்ப தப்பு முழுக்க அவங்க பக்கம் இருக்கு, அதை நீங்க ஏன் உங்க பக்கம் இழுத்துக்கணும்.

சூப்பர்வைசர் சொல்றதுல பாதி உண்மை. 1961ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டம் பிரிவு 18, அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லைன்னு சொல்லுது. ஆனா அதே சட்டம்தான் கம்பெனி உங்களுக்கு என்னென்ன செஞ்சாகணும்னும் சொல்லுது, அந்தப் பாதியை அவர் சொல்ல மாட்டார்.

இன்னிக்கே அப்ரண்டிஸ்ஷிப் இந்தியாங்கற அரசு போர்ட்டல்ல உங்க லாகின்ல போய் ஒப்பந்தம் இருக்கான்னு பாருங்க. ட்ரேடு எலக்ட்ரீஷியன்னு இருக்கா, ஆரம்பிச்ச தேதி முடியற தேதி, ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) எவ்வளவு எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்ல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. ஒருவேளை பதிவே பண்ணலைன்னா "அப்ப நான் நிரந்தரத் தொழிலாளி"ன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, 2004ல உத்தரப்பிரதேச மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிச்சுன்னா, பதிவு பண்ணலைங்கற ஒரே காரணத்துக்காக அப்ரண்டிஸ் தொழிலாளியா மாறிட மாட்டார். பயிற்சிங்கற பேர்ல வெறும் வேலைதான் வாங்கினாங்கன்னு வாதாடணும்னா அதுக்கு சாட்சியம் வேணும், அது தனி வழக்கு, நாள் பிடிக்கும்.

அடுத்து ஸ்டைபண்ட். ஐடிஐ முடிச்சவங்களுக்கு 2019 திருத்தத்துல குறைஞ்சபட்சம் மாசம் 7000 ரூபாய்னு வெச்சாங்க, அதனால 5500 பாத்ததும் ஏமாத்தறாங்கன்னு தோணறது சகஜம்தான். ஆனா அவசரப்படாதீங்க. கம்பெனி நேப்ஸ்ங்கற தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்துல இருந்தா ஸ்டைபண்ட்ல 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபாய், மத்திய அரசு தருது, 2023ல இருந்து அது கம்பெனி வழியா வராம நேரா உங்க பேங்க் கணக்குக்கே வருது. 5500ம் 1500ம் சேந்தா 7000. ஆதார் இணைச்ச கணக்கு எதுன்னு பாத்து பாஸ்புக் என்ட்ரி போடுங்க, பல பசங்களுக்கு பணம் வேற ஒரு பழைய கணக்குக்குப் போயிட்டு இருக்கும். அந்த 1500ம் வரல, கம்பெனியும் 5500 மட்டும்தான் தருதுன்னா அப்பதான் அது பிரிவு 13 மீறல்.

லோடு ஏத்தறதும் ஓவர்டைமும் பத்தி எனக்கு சந்தேகமே இல்ல. அப்ரண்டிஸ்ஷிப் ஆலோசகர்னு இந்தச் சட்டத்துக்கு இருக்கற அரசு அதிகாரியோட அனுமதி இல்லாம அப்ரண்டிஸை ஓவர்டைம் பாக்க வைக்கக் கூடாது, அந்த அனுமதியும் பயிற்சிக்கு உபயோகம்னாலோ பொது நலனுக்குன்னாலோதான் குடுக்கணும், இது பிரிவு 15. பயிற்சிக்கு சம்பந்தமில்லாத வேலையில போடறதையும் அனுமதி இல்லாத ஓவர்டைமையும் பிரிவு 30 குத்தமாவே எழுதி வெச்சிருக்கு. இதுக்கு ஆதாரம் உங்க ஃபோன்லயே இருக்கும். ஷிப்ட் பத்தி வந்த வாட்ஸப் மெசேஜ், பஞ்ச் டைம், ஸ்டோர்ஸ்ல இறக்குன சீட்டு, எதையும் அழிக்காதீங்க, ஒரு நோட்டுல அன்னன்னிக்கு என்ன வேலைன்னு தேதி போட்டு எழுதுங்க. லைவ்ல கை வைக்கச் சொன்னா செய்யாதீங்க தம்பி, சப்ளை ஆஃப் பண்ணி லைன் கிளியர் (கரண்ட் நிறுத்தியாச்சுங்கற அனுமதி) வாங்கிக் குடுங்க செய்யறேன்னு சொல்லுங்க, தொழிலாளிக்கு இருக்கற பாதுகாப்பு விதி அப்ரண்டிஸுக்கும் பிரிவு 14 படி உண்டு. இதுக்காக திட்டு வாங்கினாலும் பரவாயில்ல.

50,000 சமாச்சாரத்துக்கு வர்றேன். ஒப்பந்தத்தை முடிக்கணும்னா பிரிவு 7 படி ரெண்டு பேர்ல யாரா இருந்தாலும் ஆலோசகர்கிட்டதான் மனு குடுக்கணும், உத்தரவு போடறது அவர், எச்ஆர் இல்ல. தப்பு உங்க மேலன்னு அவர் முடிவு பண்ணாக்கூட 1992 விதிப்படி கட்ட வேண்டியது மூணு மாச ஸ்டைபண்ட் அளவுதான், தப்பு கம்பெனி மேலன்னா அதே மூணு மாசத்தை அவங்க உங்களுக்குத் தரணும். தனியா பாண்ட் பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயந்துடாதீங்க, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74ல எழுதின தொகை அப்படியே கிடைச்சிடாது, நியாயமான நஷ்டம் எவ்வளவோ அதுதான். சர்டிபிகேட்டை பிடிச்சு வைக்கறதும் செல்லாது. டாக்டருங்க பாண்ட் வழக்குலயே சென்னை உயர் நீதிமன்றம், கல்விச் சான்றிதழ் ஒண்ணும் சந்தையில விக்கற சரக்கு இல்ல, அதே ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 படி பிடிச்சு வைக்கற உரிமை அதுல வராதுன்னு சொல்லியிருக்கு. எச்ஆர்க்கு ஒரு ஈமெயில்ல எந்தெந்த சர்டிபிகேட் எந்தத் தேதியில குடுத்தேன்னு எழுதித் திருப்பிக் கேளுங்க, வாயால கேட்டா ரெக்கார்டே இருக்காது.

நான் உங்களுக்கு சொல்ற வழி அப்ரண்டிஸ் சட்டம் பிரிவு 5. யாருமே இதைப் பத்தி பேசறதில்ல. கம்பெனியால ஒப்பந்தப்படி பயிற்சி குடுக்க முடியலைன்னா, மிச்சம் இருக்கற மாசத்தை வேற கம்பெனியில முடிக்க ஆலோசகர் அனுமதியோட மாத்திக்கலாம், இப்ப இருக்கற கம்பெனி, நீங்க, புது கம்பெனி மூணு பேரும் ஒத்துக்கணும். ஏழு மாசம் வீணாகாது, மிச்ச அஞ்சு மாசமாவது மோட்டார், ஸ்டார்டர், பேனல்னு கையால செஞ்சு கத்துக்கலாம், பரீட்சை எழுதி தேசிய அப்ரண்டிஸ் சர்டிபிகேட் வாங்கலாம். புகார்னு ஒண்ணு எழுத்துல வந்துட்டா கம்பெனி இதுக்கு சம்மதிக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அதனால சுத்துவட்டாரத்துல அப்ரண்டிஸ் எடுக்கற வேற கம்பெனி எதுன்னு போர்ட்டல்லயே இப்பவே தேடி வைங்க.

மனுவை கிருஷ்ணகிரி மாவட்ட திறன் பயிற்சி அலுவலக உதவி இயக்குநருக்குக் குடுங்க, ஒரு நகல் சென்னை கிண்டியில இருக்கற வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கு. ஒரே மனுவுல பயிற்சி தரல, ஓவர்டைம், சர்டிபிகேட்டுன்னு வரிசையா எழுதி, பிரிவு 20 படி தகராறைத் தீத்து வைங்க, முதல்ல பிரிவு 5ல மாத்தி விடுங்க, அது முடியலைன்னா பிரிவு 7ல நஷ்டஈட்டோட முடிச்சு விடுங்கன்னு கேளுங்க. நேர்ல குடுத்தா நகல்ல சீல் வாங்கிடுங்க, தபால்னா ஒப்புகை அட்டையோட அனுப்புங்க. முடிவு பாதகமா வந்தா 30 நாளுக்குள்ள அப்பீல் போகணும், ஒரு நாள் தாண்டினாலும் கஷ்டம். வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா 15100க்கு ஃபோன் பண்ணுங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச உதவி கிடைக்குமான்னு சொல்லுவாங்க.

கை வெந்த அந்தப் பையன்கிட்ட இதைக் காட்டுங்க. பிரிவு 16 படி பயிற்சியில அடிபட்டா தொழிலாளிக்கு உள்ள நஷ்டஈடு அப்ரண்டிஸுக்கும் உண்டு, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினதோட கம்பெனி பொறுப்பு முடிஞ்சிடல. சிகிச்சை எடுத்த இடத்துல டிஸ்சார்ஜ் சம்மரியும், அரசு ஆஸ்பத்திரின்னா ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பியும் வாங்கட்டும், விபத்து நடந்த தேதி, நேரம், எந்த பேனல், யார் வேலை குடுத்தாங்கன்னு கம்பெனிக்கு எழுத்துல குடுக்கட்டும், கையில விறைப்போ மடக்க முடியாத கஷ்டமோ இருந்தா எவ்வளவு ஊனம்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கட்டும். "எனக்கு எந்த பாக்கியும் இல்ல"ன்னு எழுதின பேப்பர் எது வந்தாலும் வக்கீல்கிட்ட காட்டாம கையெழுத்துப் போட வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிடுங்க.